கம்ப்யூட்டருக்குள் பிள்ளையார்

எஸ்டேட் ஆபீசின் பின்புறத்தில் மிளகுச் சாக்குகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது என்னை வைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் கம்ப்யூட்டர் என்பது அப்போது பேச்சில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனிடம் அதை ஒப்படைத்ததில் பலருக்குச் சிரிப்பு. ஆனால் காவலுக்குப் படிப்பு தேவையில்லை. பொருளைத் தொடாமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதற்கு முன் நான் மேல்காட்டில் காவல் இருந்தேன். மஞ்சக்குட்டைப் பக்கம், எஸ்டேட்டின் கடைசி எல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, நடுவில் தகரம் போட்ட ஒரு குடிசை. பழம் எடுக்கும் காலத்திலும் கிளை வெட்டும் கவாத்துக் காலத்திலும் ஆட்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் ஒருவரும் வரமாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை அரிசி வாங்கக் கீழே இறங்கும்போது கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். பல நாள் பேசாத தொண்டை அப்படித்தான்.

ஒரு மழைக்காலத்தில் அங்கே காய்ச்சலில் விழுந்தேன். தண்ணீர்ப் பானை குடிசையின் அந்த மூலையில் இருந்தது. நான் இந்த மூலையில் கிடந்தேன். நடுவில் இருந்த தரையைக் கடக்க முடியவில்லை. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. கவாத்துக்கு வந்த ஆட்கள் கதவைத் தள்ளிப் பார்த்து, கம்பளியில் தூளி கட்டி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். பிழைத்த பிறகும் அந்தப் பானை கனவில் வந்தது.

அதன் பிறகுதான் மேனேஜர் என்னை ஆபீசுக்கு மாற்றினார். கெட்ட மனிதர் அல்ல அவர். ஆனால் கம்ப்யூட்டர் அவருக்குப் பிடிக்கவில்லை. சென்னையிலிருந்த முதலாளி யார் பேச்சையோ கேட்டு வாங்கி அனுப்பியது அது. ஆட்களின் வருகையைப் பதிந்துகொண்டு சம்பளச் சீட்டு அடித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மேனேஜர் என்னை எதிரில் நிறுத்திக்கொண்டே சொன்னார்.

"இந்த சீசன் மொதல் சம்பளத்துக்கு இதுல சீட்டு வரோணும். வரலைன்னா சேலத்துக்கு எறக்கி உட்டுருவேன். ரூமுல பழையபடி சாக்கு. நீயும் பழையபடி மேல போயிரு. அங்கயும் ஆளில்லாமத்தான் கெடக்குது."

நான் தலையாட்டினேன். அந்த இயந்திரத்தின் ஆயுளும் என் ஆயுளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டது அன்றுதான்.

புரோகிராம் எழுத வந்தவர் சேலத்துக்காரர். முப்பதை எட்டாத வயது. மலைக் குளிர் ஆகாது அவருக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொள்வார். ஒரு வாரம் மலையில் விருந்தாளி அறையில் தங்குவார், ஒரு வாரம் ஊருக்குப் போய்விடுவார். நான் அவரை சார் என்றேன்.

"சாரெல்லாம் வேண்டாங்கண்ணா. கூச்சமா இருக்குது."

"சரிங்க சார்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். தனக்குத்தானே பேசுகிறாரா, என்னிடமா, கம்ப்யூட்டரிடமா என்று பிரித்தறிய முடியாது. "வா ராசா வா", "இங்க எதுக்குடா நின்னே", "பாத்தீங்களாண்ணா, கோவிச்சுக்கிச்சு." எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. அவருக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் ஊருக்குப் போகும் வாரங்களில் அந்தச் சின்ன அறை மேல்காட்டைவிடப் பெரியதாகிவிடும்.

என் வேலை ஈரத்தை விரட்டுவது. மழை முடிந்தும் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து மேசை மேல் உட்காரும். செருப்பில் பூஞ்சை பிடிக்கும், பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும். கம்ப்யூட்டருக்கும் பிடிக்கும் என்றார் அவர். பிளாப்பிகளை ஒரு மர அலமாரியில் வைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எந்நேரமும் எரியவிட்டோம். அலமாரியை ஒட்டியே கம்ப்யூட்டர் இருந்ததால் அந்தச் சூடு அதற்கும் ஆகும் என்றார். கரண்டு போனால் கணப்புச் சட்டியில் கரி போட்டு, அலமாரிக்கு அருகே, ஆனால் சூடு தாக்காத தூரத்தில் வைக்க வேண்டும். புகை வரக் கூடாது. முழுக்கக் கனிந்த கரியாக இருக்க வேண்டும். அதைச் செய்ய எனக்குத் தெரியும்.

புரோகிராமை எழுதினால் மட்டும் ஓடிவிடாது. எழுதியதை எல்லாம் கம்பைலர் என்ற ஒன்றிடம் கொடுக்க வேண்டும். அது வரிவரியாகப் படித்து, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கட்டித் தரும். அந்த வேலைக்கு அவர் பில்டு என்று பெயர் சொன்னார். சாயங்காலம் டீ வந்ததும் பில்டு போடுவார். திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஏறும். எனக்கு அவை ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசி வரியில் வரும் எண் தெரியும். அதுதான் தவறுகளின் எண்ணிக்கை. அங்கே சைபர் வந்தால் அவர் டீயைக் கையில் எடுப்பார். வேறு எண் வந்தால் டீ ஆறிப்போகும். நான் போய் வேறு டீ வாங்கி வருவேன்.

ஒருநாள் நானாகவே ஒன்று கேட்டேன். எதனால் அப்படிக் கேட்டேன் என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒவ்வொரு பைலுக்கும் மேலே ஒரே மாதிரி சில வரிகள் இருந்தன. இங்கிலீஷ் எழுத்து தெரியாதவனுக்கும் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவது தெரியுமல்லவா?

"அது ஹெட்டருங்கண்ணா. இப்ப நான் 'அச்சடி'ன்னு ஒரு வார்த்த எழுதறேன். எப்படி அச்சடிக்கோணும்னு நான் எழுதல. அதெல்லாம் எவனோ எழுதி ஒரு எடத்துல வச்சிருக்கான். கம்பைலர் ஒவ்வொரு தடவையும் மொதல்ல அங்க போயி அத எடுத்துட்டு வந்து படிக்கோணும். அப்பத்தான் நான் சொல்றது அதுக்குப் புரியும்."

"அந்த எடம் எங்கன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"வழி எழுதிக் குடுத்திருக்கும்ல? இந்த டைரக்டரிக்குப் போ, அதுக்குள்ள அந்த டைரக்டரிக்குப் போன்னு. ஊட்டுக்குள்ள ரூம் மாதிரி."

"ஆரு எழுதுனது?"

அவர் குல்லாய்க்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்தார். "நெசமாலுமே தெரியலீங்கண்ணா. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் ஏத்திக் குடுத்தான். ஓடற வண்டிய எதுக்கு நோண்டறதுன்னு நான் அந்தப் பக்கமே போகல."

ஆபீசில் ரைட்டர் ஒருவர் இருந்தார். ஆட்களின் பேர் போடுவது, கணக்கு எழுதுவது அவர் வேலை. ஓமலூர்ப் பக்கத்துக்காரர். புது வெள்ளைத் தாள் எதைக் கண்டாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். லாரி டிரைவர் கையெழுத்துக்கு நீட்டிய ரசீதிலும் போட்டவர். கம்ப்யூட்டர் வந்ததில் அவருக்கு உள்ளுக்குள் பயம், வெளியில் ஆசை. சேலத்துக்காரரிடம் கேட்டுக் கேட்டு, டைரக்டரி உண்டாக்குவது, பைலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் கற்றுக்கொண்டார்.

ஆயுத பூசை வந்தது. சேலத்துக்காரர் பூசைக்கு ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது ரைட்டரிடம், "சந்தனம் குங்குமமெல்லாம் டப்பா மேல வைங்க. பட்டன் மேல வச்சுறாதீங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றார் ரைட்டர்.

பூசைக்கு முதல் நாள் எஸ்டேட் முழுவதும் கழுவல்தான். பழம் அரைக்கும் மெஷினைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். கவாத்துக் கத்திகளைச் சாணை பிடித்து வரிசையாக வைத்தார்கள். ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டினார்கள். தராசு, மருந்தடிக்கும் பம்பு, டைப்ரைட்டர் எல்லாம் பளபளத்தன. ரைட்டர் என் அறைக்கு வந்தார். நான் கம்ப்யூட்டரின் மேலே வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா, மேல மட்டும் தொடைச்சா ஆச்சா? உள்ள?"

அவர் ஸ்குரூ டிரைவர் கேட்கிறார் என்று நினைத்து அலமாரியைப் பார்த்தேன்.

"அட அதில்லப்பா. வெலகு."

உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். ஒரு விரல்தான். ஒவ்வொரு எழுத்தையும் கோழி கொத்துவதுபோலத் தேடிக் கொத்தினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"பாரு, எல்லாம் கண்டபடி கெடக்குது. மேல ஒரு பிள்ளையார் உண்டா? என்ன கணக்கு இது? பேரு எட்டு எழுத்துக்கு மேல போனா ஏத்துக்காதாம். விநாயகான்னு இங்கிலீசுல போட்டா சரியா எட்டு. அது என்ன சும்மாவா வந்துச்சு?"

முடித்துவிட்டு எழுந்து இரு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். பூசை முடிந்ததும் அவர் விடுப்பில் ஊருக்குப் போனார். மச்சினன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

சேலத்துக்காரர் பொரியும் சுண்டலும் கொண்டுவந்தார். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம். அதை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல நாளு பாத்து ஆரம்பிப்போமுங்கண்ணா" என்று பில்டு போட்டார். எழுத்துகள் ஏறின. ஆனால் வேறு மாதிரி ஏறின. திக்கித் திக்கி. கடைசி வரியில் நான் அதுவரை பார்த்திராத பெரிய எண் நின்றது.

அவர் திரும்பப் போட்டார். திரும்பவும் அதே.

"ஹெட்டரு இல்லைங்குது" என்றார். பிறகு எங்கெங்கோ தட்டித் தேடினார். "இருந்த எடத்துல டைரக்டரியே இல்லீங்கண்ணா. தின்னுபோட்டுது. டிஸ்குல ஈரம் ஏறிப்போச்சு."

ஈரம் என்ற சொல்லைச் சொன்னபோது அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேனேஜர் கேட்டார். "பல்பு அணைஞ்சுதா?"

பூசையன்று கரண்டு போனது உண்மை. நான் கணப்புச் சட்டி வைத்ததும் உண்மை. மறுபடி கரண்டு வரும்வரை அந்த அறையை விட்டு நான் நகரவில்லை. பொரி வாங்கக்கூடப் போகவில்லை. இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் சொல் எதுவென்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள். என் வாழ்க்கையில் எப்போதும் நடப்பது அதுதான்.

"வாயத் தொறந்து சொல்றானா பாரு" என்றார் மேனேஜர். "கொய்யால, மரத்தக் காவல் காக்கறவனக் கொண்டாந்து கம்ப்யூட்டருக்கு வச்சா இப்படித்தான். மொதல் சம்பளத்துக்கு இன்னும் எத்தன நாள் இருக்குது? பாத்துக்குங்க."

சேலத்துக்காரர் மூல பிளாப்பிகளை வாங்கிவர அன்றே பஸ் ஏறினார். அவை கம்பைலரை ஏற்றிக்கொடுத்த அந்த நண்பரிடம் இருந்தன. அவர் மலையிறங்கியதும் நான் மேல்காட்டுக்கு ஏறினேன். போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. எப்படியும் போக வேண்டி வரும், கூரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

கதவைக் கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்தது. தகரத்தின் ஒரு மூலையைக் காற்று மடக்கியிருந்தது. நான் படுத்துக் கிடந்த இடத்தில் எலி மண் தள்ளியிருந்தது. பானை அந்த மூலையிலேயே இருந்தது. அதை எடுத்து வந்து இந்த மூலையில், படுத்தால் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். பிறகு இறங்கி வந்தேன். வழியில் காப்பிச் செடிகளில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வாரத்தில் ஆட்கள் கூடையோடு வந்துவிடுவார்கள்.

சேலத்துக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டானுங்கண்ணா. அந்த ஊட்டுல வேற ஆரோ இருக்காங்க. அப்படி ஒரு ஆளே தெரியாதுங்கறாங்க."

எனக்கு அது புதிதல்ல. எனக்கு ஓர் அண்ணன் உண்டு. வாழவந்தியில் அவரும் அண்ணியும் பிள்ளைகளும் இருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் நான் மேல்காட்டிலிருந்து அங்கே போவேன். ஒரு வருடம் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் பறித்துக்கொண்டு போனபோது, அந்த வாசலில் வேறு ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "அவுங்க போயி நாளாச்சுங்களே, உங்களுக்குச் சொல்லலீங்களா?" என்றாள். எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. எனக்குச் சொல்லவில்லை என்பதை அவளிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "தெரியுமுங்க, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பழத்தை வழியெல்லாம் நானே தின்றேன்.

இதை சேலத்துக்காரரிடம் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறியது.

ரைட்டர் வந்தது அதற்கு மறுநாள் காலை. மேனேஜர், சேலத்துக்காரர், நான் மூவரும் கம்ப்யூட்டர் அறையில் இருந்தோம். இயந்திரத்தை எப்போது ஜீப்பில் ஏற்றுவது என்பது பேச்சு. ரைட்டர் நிச்சயதார்த்தத் தேங்காயும் வெற்றிலையும் வைத்த மஞ்சள் பையோடு வாசலில் நின்று, "ஏனுங்க, எல்லாரும் எழவு ஊட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?" என்றார்.

"ஹெட்டரு பைலெல்லாம் அழிஞ்சு போச்சுங்க. ஈரம்" என்றார் சேலத்துக்காரர்.

"அழிஞ்சு போச்சா? அதெங்க அழியுது? பிள்ளையாருக்குக் கீழ பத்திரமா இருக்குதுங்களே."

சேலத்துக்காரர் ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பிள்ளையாருங்க?"

"விநாயகான்னு ஒண்ணு இருக்குமே, நீங்க பாக்கலியா?"

"பாத்தனுங்க. நீங்க பூசை வசூல் கணக்கு ஏதோ வச்சிருக்கீங்கன்னு தொறக்கல!"

"வசூலா? நல்லா இருக்குதுங்க. உங்க கம்பைலரு கிம்பைலரு எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டுபோயி வச்சுட்டுத்தான் பழையத எடுத்தேன். நீங்க கூப்ட்டா வரோணுமேன்னு, கம்ப்யூட்டரு ஆரம்பத்துல படிக்கற வழி வரியிலயும் மாத்தி எழுதிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே!"

சேலத்துக்காரர் நாற்காலியில் விழுந்தார். தட்டினார். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. எல்லாம் இருந்தன. அவர் குல்லாயைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுச் சிரித்தார். மலைக்கு வந்து அவர் குல்லாயில்லாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "கம்பைலர் வழி மட்டும் மாத்திட்டாரு. அதனால கூப்ட்டவுடனே அது வந்துருச்சு. ஆனா அது ஹெட்டரத் தேடி பழைய ஊட்டுக்கே போயிருக்குது. கதவத் தட்டிப் பாத்துட்டு, ஆள் இல்லைன்னு வந்து சொல்லுது. குடி மாறிட்டாங்கன்னு சொல்லத் தெரியாது அதுக்கு. இல்லைன்னு மட்டுந்தான் தெரியும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, பழைய எடத்துலயே வச்சுருங்க, தீந்துது" என்றார் மேனேஜர்.

ரைட்டர் முகம் மாறியது. "ஏனுங்க, பூசையில வச்சத எறக்கறதா? அதுவும் பிள்ளையாருக்குக் கீழ இருந்து? பழம் எடுக்கற நேரத்துலயா?"

மேனேஜர் அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சன்னல் வழியாகக் காப்பிச் செடிகளைப் பார்த்தார். முந்தைய வருடம் பழம் எடுக்கும்போது பேய்மழை பிடித்துப் பாதி உதிர்ந்து போனது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அங்கயே வச்சு ஓட்ட முடியாதா?" என்றார் சேலத்துக்காரரிடம், தணிந்த குரலில்.

"முடியுமுங்க. அந்தப் பழைய வழி எங்க எழுதியிருக்குதுன்னு கண்டுபுடிக்கோணும். நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

அன்று முழுவதும் அந்தப் பக்கம் போனார். கம்பைலரோடு வந்த தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். பேச்சே இல்லை. ரைட்டர் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்து, "கெடைச்சுதுங்களா?" என்பார். "நீங்க போங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பார் இவர். மதியச் சாப்பாட்டுக்கு அவர் எழவில்லை. நான் தட்டில் போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே, "பல்பு விசயத்துல உங்களச் சந்தேகப்பட்டுட்டனுங்கண்ணா" என்றார்.

"கரி வச்சிருந்தனுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியுமுங்கண்ணா. இப்பத் தெரியும்."

வழி எழுதியிருந்த இடம் சாயங்காலம் அகப்பட்டது. கம்பைலர் தன்னிடமே வைத்திருக்கும் ஒரு சின்ன பைலில் ஒற்றை வரி. அதில் பழைய இடத்தின் பெயருக்கு முன்னால் விநாயகா என்ற எட்டு எழுத்தைச் சேர்த்தார். பில்டு போட்டார். எழுத்துகள் மளமளவென்று ஏறின, பழையபடி. நான் மற்ற எதையும் பார்க்கவில்லை. கடைசி வரி வரும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். தரையைக் கடக்க முடியாமல் கிடந்தபோது பானையை அப்படித்தான் பார்த்தேன்.

சைபர்.

அவர் டீயை எடுத்துக் குடித்தார். சூடாகத்தான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து ரைட்டர், "நான்தான் சொன்னனே, அவுரு கைவிடமாட்டாரு" என்று கத்தினார். "உள்ள கொண்டுபோயி ஒளிச்சு வச்சதும் அவருதானுங்களே" என்று இவர் திருப்பிக் கத்தினார்.

முதல் சம்பளத்தன்று அச்சு இயந்திரம் கொரகொரவென்று சீட்டுகளைத் தள்ளியது. ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். கிளியூரிலிருந்து பழம் எடுக்க வரும் ஒரு அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்கிலீசுல எம்பேரு இத்துணூண்டுதானா? காசாச்சும் முழுசா இருக்குதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம், "சரி, கெடக்கட்டும்" என்றார். கம்ப்யூட்டரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் எனக்கு.

வேலை முடிந்ததால் சேலத்துக்காரர் கிளம்பினார். கிளம்புமுன் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். எந்தெந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினால் பில்டு ஓடும் என்று. வாரத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி வரியில் சைபர் வந்தால் எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு எண் வந்தால் ஆபீசிலிருந்து அவருக்குப் போன் போடச் சொல்ல வேண்டும். உடனே வந்துவிடுவதாகச் சொன்னார்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனேன். ஊடு மாறிப் போனா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க சார் என்று சொல்ல வேண்டும். வழி முழுவதும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நன்றாகவே வந்தது. பஸ் வந்தது. அவர் ஏறிச் சன்னல் ஓரம் உட்கார்ந்து, "வர்றனுங்கண்ணா" என்றார்.

"பாத்துப் போங்க சார்" என்றேன்.

மேல்காட்டுக்கு இப்போது வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். மஞ்சக்குட்டைக்காரர். அரிசி வாங்க இறங்கும்போது ஆபீசுப் பக்கம் வந்து போகச் சொல்லியிருக்கிறேன். வராத வாரம் ஆள் அனுப்பச் சொல்லி ரைட்டரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. என் அறைக்குள் தூசி வரக் கூடாது என்று ஒருவரும் நுழைவதில்லை. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ரைட்டர் இருமுவது கேட்கும், டீ கிளாஸ்கள் மோதிக்கொள்வது கேட்கும்.

திங்கட்கிழமை தோறும் பில்டு ஓட்டுகிறேன். எழுத்துகள் ஏறுகின்றன. கடைசி வரியில் சைபர். நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதிக்கு அடியில், அங்கே ஒன்றோ இரண்டோ வந்திருக்கக் கூடாதா என்று மெல்லிதாக ஒரு நினைப்பும் ஓடுகிறது. வந்தால் அவர் வருவார். குல்லாய் போட்டுக்கொண்டு, "எங்கடா போனே ராசா" என்று கம்ப்யூட்டரைக் கேட்பார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முதல் நாள் ரைட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஈரத் துணி.

"ஏம்ப்பா, போன வருசம் பிள்ளையார வச்சோம். நல்லாத்தான் போச்சு. தம்பிய விட்டுப்போட்டமேன்னு மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது. முருகனுக்கும் ஒரு டைரக்டரி போட்டுப் பாதிய அங்க மாத்திரலாமா? அதுவும் எட்டுக்குள்ள அடங்கும்."

பட்டன்களைப் பார்த்தேன். அலமாரிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சுலபம். திங்கட்கிழமை ஒரு பெரிய எண் வரும், போன் போடுவார்கள், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவர் வந்து இறங்குவார். வந்தும் சரியாகாமல் போனால், அந்தக் குடிசையில் பானை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ரைட்டர் நாற்காலியை இழுத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"வேண்டாங்க" என்றேன். "வெளிய மட்டும் தொடைங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, உனக்குப் பேச வருமா?" என்று சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.